படிக்கு இந்தப் பக்கம்

"அங்கேயே நில்லுங்கோண்ணா."

கருவறைக்குள் இருந்து தம்பி பிரஹ்லாத் சொன்னபோது, லக்ஷ்மிநரசிம்மனின் வலது கால் வாசற்படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

சிரித்துக்கொண்டே காலைக் கீழே வைத்தார். பழக்கதோஷம். சிங்கப்பூர் போய்த் திரும்பியிருக்கிறார். கடல் தாண்டியவன் பெருமாளைத் தொடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் பல தலைமுறைக் கட்டு. முதலில் பிராயச்சித்தம். அப்புறம்தான் உள்ளே.

"வெள்ளிக்கிழமை நாள் நன்னாருக்கு. ஹோமத்தை அன்னிக்கே வெச்சுக்கலாமாடா?"

பிரஹ்லாத் விளக்குத் திரியைத் தூண்டினான்.

திருப்பதிக்கு வருகிற கூட்டம் எட்டிக்கூடப் பார்க்காத சந்துக் கோயில் அது. பூணூல் போட்ட வயதிலிருந்து அந்தப் பெருமாளை எழுப்புவதும் தூங்க வைப்பதும் லக்ஷ்மிநரசிம்மன்தான். பெருமாளின் இடது முழங்கையில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவர் விரலுக்குத் தெரியும். அதை நிரவித்தான் சந்தனம் சாத்துவார்.

அவரா சிங்கப்பூருக்கு ஆசைப்பட்டார்?

அவர் மனைவி மைத்ரேயிதான் மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும்போதெல்லாம், ரேணிகுண்டாவில் இறங்கப் போகும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பாள். ஒரு தடவையாவது ஏற வேண்டும் என்பாள். அதைப் பிரஹ்லாத் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அண்ணாவின் அறுபதுக்குத் தன் மரியாதை என்று டிக்கெட்டோடு வந்து நின்றான்.

"பெரிய மாமாகிட்ட பேசிட்டேன். வந்து பிராயச்சித்தம் பண்ணிண்டா போறும்னுட்டார். நானும்தான் கூட வரேனேண்ணா, தோஷம்னா எனக்கும்தானே?"

குடும்பத்தில் யார் பெருமாளைத் தொடலாம், யார் கூடாது என்று சொல்கிறவர் அந்த மாமாதான். ஆனால் லக்ஷ்மிநரசிம்மன் சரி என்றது மாமாவுக்காக இல்லை. தம்பியின் கடைசி வார்த்தைக்காக.

சென்னையில் விமானம் ஏறும் நேரத்தில் பிரஹ்லாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்துவிட்டான். நீங்கள் போங்கள், நான் அடுத்ததில் வருகிறேன் என்றான். வரவில்லை.

அங்கே போய் இறங்கினால், பெட்டியும் வரவில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மடி வேஷ்டி எல்லாம் அதில்தான். கைப்பையில் இருந்த திருமண்ணைக் காட்டி, இது என்ன வெள்ளைக் கட்டி என்று ஓர் அதிகாரி கேட்டார். பாஷை வராமல், அங்கேயே குழைத்து நெற்றியில் இட்டுக் காட்டினார் லக்ஷ்மிநரசிம்மன். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு வழி விட்டார். வாழைப்பழமும் தயிருமாகப் பொழுது போயிற்று. போதாததற்கு, ஓட்டல் குளியலறையில் மைத்ரேயி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது.

"புத்தூர் கட்டுக்கு இங்கே நான் எங்கே போவேன்? போறும், ஆத்துக்குப் போயிடலாம். எல்லாம் உங்க தம்பி இழுத்து விட்டது."

"தூக்கி வளர்த்த குழந்தைடி அவன். ஆசையாப் பண்ணியிருக்கான். அவனைக் குத்தம் சொல்லாதே."

அவளுக்குச் சொல்லாமல் ராத்திரிப் பழத்தையும் விட்டார். தம்பியின் வயிறு சரியாகட்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டு.

பிரஹ்லாத் தினமும் போனில் கூப்பிட்டான். ஒரே நச்சரிப்பு.

"கடல் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கோண்ணா. திருமண் பளிச்சுன்னு தெரியணும். நான்தான் வரக் கொடுத்து வைக்கலை, கண்ணாலயாவது பாக்கறேன்."

அதைக் கேட்டு மைத்ரேயிக்கே மனசு இளகிவிட்டது. நொண்டிக்கொண்டு கடற்கரை வரை வந்து அவள்தான் படம் எடுத்தாள். பின்னால் கப்பல்கள். நெற்றி நிறையத் திருமண்.

இப்போது பிரஹ்லாத் திரியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அண்ணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துப் பேசினான்.

"பிராயச்சித்தமெல்லாம் இல்லைண்ணா. மாமா மாட்டேன்னுட்டார். நான் பேசி வெச்சதுதான், ஆனா நீங்க கடலோரம் நிக்கற போட்டோவை யாரோ அவர் கண்ணுல காட்டிட்டா. மனுஷனுக்கு வந்துதே கோவம்! இனிமே பெருமாளைத் தொட வேண்டியவன் நீதான்னு என்கிட்ட சொல்லிட்டார். நான் என்ன பண்ணட்டும்?"

"யாரோவா?" என்றாள் பின்னால் தடியை ஊன்றி நின்ற மைத்ரேயி.

அவர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவளை அடக்கினார். அந்தப் படத்தை அவர் ஒரே ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தார்.

உள்ளே பார்த்தார். பெருமாளுக்குச் சந்தனம் சாத்தியாகிவிட்டது. இடது முழங்கையில், பள்ளம் இருக்கும் இடத்தில், அது ஒட்டாமல் வெடித்திருந்தது.

பிரஹ்லாத் தீர்த்த வட்டிலும் உத்தரணிக் கரண்டியுமாக வந்து படிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

லக்ஷ்மிநரசிம்மன் மேல்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊருக்கெல்லாம் தீர்த்தம் கொடுத்த கை. இந்த வாசலில் அதைக் குழித்து நீட்டுவது இதுதான் முதல் தடவை.

"வயித்து வலி தேவலையாடா, பிரஹ்லாதா?"

உத்தரணி ஆடியது. தீர்த்தம் அவர் கையில் விழவில்லை. படியில் விழுந்தது.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.