ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு

ஷோபா செய்த குற்றங்கள் மூன்று. சபைச் செயலாளர் யேசுபாதம் அவற்றை நடந்த வரிசைப்படிதான் சொல்லுவார். யாராவது குறுக்கே பேசினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

முதலாவது, புத்தூர் திருப்பதி ரோட்டில், சர்ச்சுக்கு நேர் எதிரே மெஸ் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு மூட்டியது.

இரண்டாவது, பிரசங்கம் நடக்கும்போது ஆட்டுக்கறி தாளித்தது. அந்த வாசனையில் மனந்திரும்புதலைப் பற்றி பாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தையும் யார் காதிலும் ஏறவில்லை.

மூன்றாவது, கடையை மூடு என்று சொல்லப் போன ஆளை உட்காரவைத்து இலை போட்டது. போனவன் திரும்பி வந்து, "குழம்பு நல்லாகீது" என்று அறிக்கை கொடுத்தான்.

"வர்ற ஞாயிறு அவ பேரைச் சபைல படிச்சுடுங்க ஐயா. திருவிருந்துல அப்பமும் திராட்சரசமும் அவளுக்குக் கிடையாதுன்னு சொல்லிடுங்க" என்றார் யேசுபாதம். நூல் மில் யூனியனில் கோஷம் போட்டு வளர்ந்த தொண்டை. ரகசியம் பேசினாலும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

பாஸ்டர் அருள்குமார் சிரித்தார்.

"படிக்கலாம் அண்ணா. ஆனா வேதம் அதுக்கு ஒரு முறை சொல்லுதே. முதல்ல தனியா போய்ப் பேசணும். கேக்கலைன்னா ரெண்டு சாட்சியோட போகணும். அதுக்கும் கேக்கலைன்னாதான் சபைக்கு வரணும்."

"முறையா நோட்டீஸ் குடுத்துட்டு அப்புறம் ஸ்ட்ரைக்குன்றீங்க."

"அப்படியே வச்சுக்குங்க."

மறுநாளே யேசுபாதம் தனியாகப் போனார். மெஸ் பூட்டியிருந்தது. பின்பக்கம் பாயில் படுத்திருந்த ஷோபா எழுந்து வந்தாள்.

"திங்கக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள்ணா. வேலை செய்ற பொண்ணுங்களும் தூங்கிக்கினு கீதுங்க."

"ஓய்வுநாள்னா ஞாயிறும்மா!"

"வேதத்துல ஏழாம் நாள்னுதானே கீது? கணக்குப் பாத்தா சனிக்கிழமை வருது. நீங்க ஞாயித்துக்கு மாத்திக்கினீங்க. நான் திங்களுக்கு மாத்திக்கினேன்."

யேசுபாதத்துக்கு இருமல் வந்தது. அதோடு முதல் கட்டப் பேச்சுவார்த்தை முறிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மைக் செட் குணாவையும் பொருளாளர் பெஞ்சமினையும் சாட்சிகளாகக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். மெஸ்ஸில் மேஜைமேல் வரிசையாகத் துணிப்பைகள்; பைகளுக்குள் டிபன் கேரியர்கள்.

"வாங்கணா, துன்னுட்டுப் பேசலாம்" என்றாள் ஷோபா.

குணா உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருடா! நீ சாட்சி!" என்று அதட்டிவிட்டு, யேசுபாதம் ஷோபா பக்கம் திரும்பினார். "ஓய்வுநாள்ல ஒரு வேலையும் செய்யக்கூடாதுன்னு கட்டளை. தெரியுமா தெரியாதா?"

"யார் யார் செய்யக்கூடாதுணா? முழுசா சொல்லுங்க."

யேசுபாதம் கைவிரல் மடக்கிச் சொன்னார். "நீ, உன் மகன், உன் மக, வேலைக்காரன், வேலைக்காரி, ஆடு மாடு, வூட்டுக்கு வந்த வெளியாளு."

"பொண்டாட்டி?"

விரல் பாதியில் நின்றது.

"மாட்டுக்கே லீவு குடுத்த ஆண்டவர் பொண்டாட்டிக்குக் குடுக்காம வுட்டிருப்பாரா? நீங்கதான் வுட்டுட்டீங்க. ஜெபம் முடிஞ்சா உங்களுக்குக் கறிக்குழம்பு வேணும். சாயங்காலம் வரைக்கும் அடுப்பாண்ட வேகறது யாரு? நம்ம சபை அம்மாங்கதான் வந்து என்னைக் கேட்டாங்க. கேரியரைக் குடுத்துட்டு ஜெபத்துக்குப் போவாங்க, வரும்போது எடுத்துக்கினு போவாங்க. அன்னிக்கு ஒரு நாள் மத்தியானம் கால் நீட்டிப் படுப்பாங்க."

"புருஷனுக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா வுடுவீங்களா?"

பெஞ்சமின் மின்விசிறியைப் பார்த்தார்.

"யாரு அந்த அம்மாங்க? பேரைச் சொல்லு!"

"அது மட்டும் கேக்காதீங்கணா. வூட்ல சண்டை வரும்."

"சொல்லலைன்னா உன் பேரு படிக்கப்படும். திருவிருந்து கிடையாது."

ஷோபாவின் சிரிப்பு நின்றது. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"ஞானஸ்நானம் எடுத்ததுலருந்து ஒரு தடவைகூட நான் திருவிருந்தை வுட்டதில்லணா, அடுப்பைப் பொண்ணுங்ககிட்ட குடுத்துட்டு ஓடியாந்துருவேன்." என்றாள். "பரவால்ல. என் பேரையே படிச்சுக்குங்க."

குணாவுக்குத் தாங்கவில்லை. "அண்ணா, போதும் வாங்க, போலாம்."

யேசுபாதம் பாதியில் பின்வாங்கிய போராட்டம் எதுவும் கிடையாது.

"கர்த்தருடைய நாள்ல கடைச் சோறு துன்ற குடும்பம் நம்ம சபைல எது? அதைப் பாக்காம நான் நகர மாட்டேன்!"

"வேணாம்ணா!" ஷோபா மேஜைக்குக் குறுக்கே வந்தாள். அதற்குள் அவர் கைக்கு எட்டிய பையிலிருந்து கேரியரை உருவிவிட்டார். பெரிய கேரியர், மூடியில் எழுத்து வெட்டியிருந்தது. கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை. கேரியரைக் குணாவிடம் நீட்டினார்.

"படி. மைக்குல படிக்கிற மாதிரி படி."

குணா மனதுக்குள் படித்தான். பெஞ்சமினிடம் காட்டினான். பெஞ்சமின் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேணாம் அண்ணா."

"படின்றேன்! சாட்சிங்க காதுல வுழணும்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குணா தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்தான்:

"தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வாங்கித் தந்த போராட்டத் தலைவர், சா. யேசுபாதம்."