தீவிரம் குறைவு

வலியசாலை அக்ரஹாரத்து வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியின் வெளிச்சம் ஸ்நேகாவின் மூக்குத்தியில் நீலமாக நிற்கிறது. வெளியே மழை விட்டும் ஓடு சொட்டிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் தேடி, கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அவள் கண்டுபிடித்துச் சொன்ன பாதுகாப்பு ஓட்டைக்கு, அதைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து பதில் வந்திருக்கிறது: தீவிரம் குறைவு. மெல்ல மூக்கை உறிஞ்சுகிறாள். கணவன் சுமந்த் காபி டம்ளரை அவள் முழங்கையருகே வைக்கிறான். “அந்த ஓட்டையாலே என்ன ஆகும்?” “ஒரே நெட்வொர்க்கில பக்கத்துல இருக்கற மெஷினுக்கு மட்டும் நம்ம மெமரிலேர்ந்து துண்டு துண்டா ஏதோ கசியும். முழுசா ஒண்ணும் போகாது.” “துண்டு துண்டா கிடைச்சா யாருக்கு என்ன புரியும்? விடு.” அவள் தலையைக் கோதுகிறான். இந்தக் கூடத்துக்கும் அடுத்த வீட்டு அடுக்களைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அதற்கு அப்பால் தோசைக்கல்லின் சீறல் அடங்க, ஜெயலக்ஷ்மி மாமியின் குரல் வருகிறது. “ஸ்நேகா, அழாதே கேட்டியா. அவாளுக்கு உன் அருமை தெரியலை. அடை வார்த்திருக்கேன், கொண்டு வரேன். சுமந்த், காபிக்குச் சக்கரை போடலை நீ. ஸ்பூன் சத்தமே கேக்கலையே!” சுமந்தின் கை அவள் தலைமேல் அப்படியே நிற்கிறது. ஈரக் கண்ணோடு சிரித்தபடி ஸ்நேகா பதில் மெயில் எழுதத் தொடங்குகிறாள்: “தீவிரத்தை மறுபரிசீலனை செய்யவும்.”