வாதாட வந்த மருமகள்

“ரெண்டு வாயாவது சாப்பிடுங்க அத்தை. விசாரணை முடிய நேரமாகும்.”

“தொண்டைக்குள்ள இறங்கலைம்மா. என் பையன வக்கீல் தொழில்லேர்ந்து தூக்கிடுவாங்களா?”

“அதைக் குழுதான் முடிவு பண்ணும். வாதாடுறது என் பொறுப்பு. நீங்க தைரியமா வாங்க.”

வக்கீலான மருமகள் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த பெண்ணை ஆள் வைத்து அடித்ததற்காக மகன் சிறைக்குப் போய்த் திரும்பியிருந்தான். மறுபடியும் வாதாடத் துடித்தவன், இப்போது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் தலைகுனிந்து நின்றான்.

“தண்டனையை அனுபவித்துவிட்டார். பிழைப்பையும் பறித்துவிடாதீர்கள்” என்று உருக்கமாகப் பேசி அமர்ந்தார், அவனுக்காக வந்திருந்த வக்கீல்.

எதிர் வரிசையிலிருந்து மருமகள் எழுந்தாள். “சாட்சியின் காலை உடைத்தவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை? புகார் கொடுத்த என் கட்சிக்காரர் கேட்பதும் அதைத்தான்.”

அவள் பக்கத்தில் மாமியார் எழுந்து நின்று மகனை நேருக்கு நேர் பார்த்தார்.

“புகார் கொடுத்தது நான்தாங்க. முதல் கேஸுக்கு இவன் கிளம்பினப்போ கருப்புக் கோட்டை ஆசையா மாட்டிவிட்டவ நான். அதைக் கழற்றச் சொல்றவளும் நானாவே இருக்கட்டும்.”

குழு அன்றே அவனை நீக்கியது.

வெளியே ஊன்றுகோலுடன் காத்திருந்த அந்தப் பெண்ணை மாமியார் கட்டிக்கொண்டார்.

“இனிமே நீ தலை நிமிர்ந்து கோர்ட்டுக்கு வாம்மா. வக்கீல்னு சொல்லிக்கிட்டு அவன் வரவே மாட்டான்!”