விண்கலத்தில் காபி

மனிதர்களின் பழக்கவழக்கங்களைப் படிப்பதற்காக, வேற்றுக்கிரகத்தார் ஒருவர் அண்ணாநகரில் மகுடபதி வீட்டில் தங்கினார். தெருவே பொறாமையில் வெந்தது. அத்தனை நட்சத்திரங்களைத் தாண்டி வந்த அந்த அறிவு, தினமும் சோபாவில் உட்கார்ந்து ஒரே காட்சியை உன்னிப்பாகப் பார்த்தது. மகுடபதியின் மனைவி சுலோசனா, வீட்டுவேலை செய்யும் காசியம்மாவுக்கு வாசலோரம் பிளாஸ்டிக் டம்ளரில் கை படாமல் காபி ஊற்றுவாள். "குடிச்சிட்டு கழுவி கவுத்து வெச்சிடு" என்பாள்.

புறப்படும் முன் விருந்தினர் தம்பதியைத் தன் விண்கலத்துக்கு அழைத்தார். மகுடபதி புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். சுலோசனா வைரத்தோடு போட்டுக்கொண்டாள். உள்ளே விருந்தினரின் ஆட்கள் மின்னும் கோப்பைகளில் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கதவோரம் தரையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளர் வைத்து, உயரத்திலிருந்து ஊற்றினார்கள்.

"குடிச்சிட்டு கழுவி கவுத்து வெச்சிடு" என்றார் விருந்தினர், படித்த பாடம் பிசகாமல்.

குடித்தார்கள். கழுவினார்கள். கவிழ்க்க மட்டும் மனம் வரவில்லை; கெஞ்சிக் கேட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது அந்த டம்ளர்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் இருக்கின்றன. தூசி தட்ட வந்த காசியம்மா கையை நீட்டினாள்.

"ஏய், அதத் தொடாத!" என்று பதறினாள் சுலோசனா. "அதெல்லாம் பெரிய எடத்து டம்ளர்."