டால்பின் அங்கி

பிரெஞ்சு அரசரின் மூத்த மகனுக்கு உரிய பட்டத்து அங்கி அது. மூத்தவன் போனால் அடுத்தவனுக்கு. மார்பில் தங்க இழையில் ஒரு டால்பின், பட்டத்து இளவரசனின் சின்னம். தலைமுறை தலைமுறையாகப் பிரித்துத் தைத்ததில் ஓரமெல்லாம் ஊசித் துளைகள். அண்ணன் ரெமோன் கட்டிலில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் என்ன அவசரமோ, தையற்காரர் அதைத் தம்பி அந்துவானின் தோளில் போட்டுப் பார்த்தார். தரையில் புரண்டது.

"சின்ன இளவரசருக்கு ரொம்பப் பெரிசு. வெட்டிடலாம்."

அந்துவான் தன்னையறியாமல் நுனிக்காலில் எம்பி நின்றான்.

"வெட்டாதீங்க, மடிச்சுத் தைங்க. வளருவான்," என்றது கட்டிலிலிருந்து அண்ணனின் குரல். "குதிகாலைக் கீழ வைடா. கால் வலிக்கும்."

குதிகாலை இறக்கிய அந்துவான், மார்பிலிருந்த டால்பினை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.