முன் சாஃப்ட்

“பதினாலு வருஷமா செத்துக் கெடந்த வண்டி தம்பி, இன்னிக்கு எழுந்து உக்காந்துக்குது. ஆனா ஒரு குறை,” என்றார் மெக்கானிக் முருகேசன்.

பட்டறை வாசலில் அந்தப் பழைய ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் நீளமாகக் கூண்டு கட்டிய, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எலி கடித்த ஒயர், துருப்பிடித்த டேங்க், இறுகிப்போன பிரேக் எல்லாவற்றையும் மாற்ற ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

வசந்த் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டு அவன் அம்மா உட்கார்ந்து வந்த இடம். அதற்காகத்தான் இத்தனை பாடும். அப்பா மாணிக்கவேல் மட்டும் அன்றுவரை, “காயலான் கடைக்குப் போட்டுத் தலைமுழுகுடா” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

“என்னா குறைண்ணே?”

“லீவரைப் போட்டா முன் சக்கரம் இழுக்கல. கீழ படுத்துப் பாத்தேன். எஞ்சின்லருந்து முன் சக்கரத்துக்குப் போற சாஃப்டே இல்ல. தானா விழல தம்பி. யாரோ பதமா கழட்டி, வாயை பிளேட் போட்டு மூடியிருக்காங்க. போல்ட்டு துருவைப் பாத்தா, வண்டி நின்னதுக்கு முந்தியே நடந்த வேலை.”

வசந்தின் முகம் கறுத்துப்போனது.

ஓரிக்கைப் பக்கம் வயலுக்கு நடுவில் வீடு. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அடைமழை பெய்த ஒரு சாயங்காலம் அம்மா பொன்னிக்கு நெஞ்சுவலி வந்தது. அப்பாவும் டிரைவர் சிட்டிபாபுவும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பின் சக்கரம் சேற்றில் புதைந்தது. அந்தச் சின்ன லீவரைப் போட்டிருந்தால் நாலு சக்கரமும் இழுத்து ஏறியிருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து டிராக்டர் வந்தபோது பொன்னி உயிரோடு இல்லை.

“பதட்டத்துல லீவரைப் போட மறந்துட்டேன்,” என்றான் சிட்டிபாபு.

அத்தோடு முடிந்தது அவன் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் ஒருத்தரும் அவன் கையில் சாவி கொடுக்கவில்லை. பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் இந்த ஊர் வேறு எதையும் விசாரிக்காது. இப்போது பெருமாள் கோயில் பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்தில் விசில் ஊதி, அடுத்தவர் வண்டிக்கு இடம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

வசந்த் ஜீப்பை நேராக அங்கேதான் விட்டான்.

வண்டியைக் கண்டதும் சிட்டிபாபுவின் வாயிலிருந்து விசில் நழுவியது. ஓடிவந்து பானெட்டைத் தடவினான். “ஓடுதா தம்பி? சத்தம் கூட மாறலியே!”

வசந்த் இறங்கி அவன் சட்டையைப் பிடித்தான். “முன் சாஃப்ட் எங்கடா?”

சிட்டிபாபு திடுக்கிட்டான். “அப்பாவாண்ட கேட்டியா தம்பி?”

“அவருக்கு என்னாடா தெரியும்? எங்கம்மா நெனப்புலயே பாதி செத்துட்டாரு அந்த மனுஷன். அவர் பேச்சை எடுக்காத. சொல்லு, வித்துக் குடிச்சிட்டியா?”

சிட்டிபாபு பானெட்டிலிருந்து கையை எடுத்தான்.

“ஆமா தம்பி. வித்துட்டேன்.”

பளாரென்று விழுந்தது அறை. அறுபதை நெருங்கிய மனிதன் தடுமாறிப் பக்கத்துக் காரைப் பிடித்துக்கொண்டான். சாமி கும்பிட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. நல்லா வேணும் என்றுகூட ஒருத்தர் சொன்னார்.

வசந்த் வண்டியைத் திருப்பினான். அடி வாங்கிய கன்னத்தோடு சிட்டிபாபு பின்னால் போய் நின்று, “கல்லு இருக்குது தம்பி, ரைட்டுல ஒடச்சு வா” என்று கை காட்டினான்.

வீட்டில் மாணிக்கவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மறதியும் இல்ல, மண்ணும் இல்லப்பா. அந்த சிட்டிபாபு முன் சாஃப்ட்டையே வித்துத் தின்னிருக்கான். லீவரைப் போட்டா என்னா, போடலன்னா என்னா? அவன் வாயாலயே ஒத்துக்கினான். நாலு பேர் பாக்க ஒண்ணு வெச்சேன்.”

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. “ஒத்துக்கினானா? அவனை அடிச்சியா?”

“பின்ன, கொஞ்சுவாங்களா?”

மாணிக்கவேல் கை கழுவாமல் எழுந்து நெல் மூட்டை அறைக்குள் போனார். கோணியில் சுற்றிய கனமான எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். கோணியைப் பிரித்தார்.

கிரீஸ் காய்ந்துபோன ஒரு நீளமான இரும்பு சாஃப்ட்.

“டீசல் ரொம்பக் குடிக்குதுன்னு நான்தான் கழட்டச் சொன்னேன். மழைக்காலம், வேணாங்கய்யான்னு தலைபாடா அடிச்சுக்கினான். நான் கேக்கல.”

வசந்துக்கு அறைந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அப்போ மறந்துட்டேன்னு ஏம்பா சொன்னான்? நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?”

மாணிக்கவேல் மகன் முன்னால் முதல் தடவையாக உடைந்து அழுதார்.

“கோழைடா நான். உங்கம்மாவக் கெடத்தியிருந்தப்ப நீ என் கழுத்தக் கட்டிக்கினு விடாம அழுதுக்கினு இருந்த. அதைப் பாத்துட்டு என் காதாண்ட வந்து சொன்னான், ‘புள்ளைக்கு அம்மா போயிட்டாங்கய்யா. அப்பாவும் போயிட வேணாம். நான் மறந்துட்டேன்னே இருக்கட்டும்.’”