குதிரைக்கு இரண்டாவது கோட்டிங்

குதிரையின் வால் மட்டும்தான் பாக்கி இருந்தது. அதன் மேலும் ரோலரை ஓட்டிவிட்டு ஓவியர் நிமிர்ந்தபோது, வாசலில் கேலரி அம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தெருவுக்கு வேறு வேலையாக வந்தவர், சும்மா எட்டிப் பார்த்தாராம்.

ஓவியர் ரோலரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். போன மாதம் இந்த அம்மாவின் கேலரியில்தான் ஓவியரின் மானம் போனது. கீழே ஹாலில் ஏதோ ரிப்பேர், வாசலில் பிளாஸ்டிக் ஷீட் தொங்கியது. மாடி அறையில் உட்காரவைத்து, பதினோரு வருட உழைப்பை நான்கே நிமிடத்தில் புரட்டிப் பார்த்தார்.

குதிரை, படகு, பிரஷர் குக்கர், தூங்கும் மனைவி என்று எல்லாம் இருக்கிறதாம், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையாம். பத்துப் பேர் வரைந்ததற்கு ஒருவர் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் ஓர் இழை கிடைத்தால் தனிக் கண்காட்சி வைக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

இழை எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் ஓவியர் இன்று குதிரையைத் தீர்த்துக் கட்டினார்.

அதற்கு உதவியது மச்சினன் இறக்கிவிட்டுப் போயிருந்த பெயிண்ட் டின்கள். அவன் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் கான்ட்ராக்டர். "வேலையில மிஞ்சினது மாமா. கஸ்டமர் ஆசைப்பட்டு தனியா கலக்கச் சொன்ன கலரு, கடையில கிடைக்காது" என்று பெருமை வேறு. சாம்பலிலும் சேராமல் பச்சையிலும் சேராமல் ஒரு நிறம்.

கேலரி அம்மா கான்வாஸ் முன்னால் அசையாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இந்த நிறம் மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருக்கு. ஏன்னு சொல்லத் தெரியல. எங்கேருந்து வந்தது?"

"உள்ளேருந்து" என்றார் ஓவியர். டின்கள் உள் அறையில்தான் இருந்தன.

"இதுதான் நீங்க. இதே மாதிரி பதினாலு படம் குடுங்க. ஒரு கோடு, ஒரு புள்ளி கூட வேண்டாம்."

கண்காட்சிக்கு மூன்றே வாரம். ஓவியர் பழைய படங்களின் மேலேயே பூச ஆரம்பித்தார். படகு மூழ்கியது. குக்கர் காணாமல் போனது. கடைசியில் மனைவியின் படத்துக்கு வந்தபோது ரோலரை ஒரு தடவை கீழே வைத்தார்.

"உருப்படியா வரைஞ்சதே இது ஒண்ணுதான். இதையுமா?" என்றாள் மனைவி. அவளுக்குக் கலையின் ஒருமை பற்றி என்ன தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே ரோலரை ஓட்டினார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முன் ஓவியர்கள் ஹாலில் கால் வைக்கக் கூடாது என்பது கேலரி அம்மாவின் சட்டம். உயரம் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று உயிரை எடுப்பார்களாம். அம்மாவும் ஆணி, சுத்தியல் பக்கமெல்லாம் போவதில்லை. படங்களை வாங்கி வந்து மாட்டும் வேலையை ஆட்களிடம் ஒப்படைத்தார், அத்தோடு சரி.

ரிப்பன் வெட்டியாயிற்று. சிறப்பு விருந்தினராக வந்திருந்த பிரபல விமர்சகர் முன்னால் போக, கேலரி அம்மாவும் ஓவியரும் பின்னால் நுழைந்தார்கள். நுழைந்ததும் ஓவியர் நான்கு சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். கேலரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மச்சினன் மட்டும் ஒரு மூலையில், பெற்ற பிள்ளையைத் தடவுவது போலச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விமர்சகர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹாலை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"சுவருக்கு அருமையான கலர் பிடிச்சிருக்கீங்கம்மா. படமெல்லாம் எப்ப மாட்டுவீங்க?"